கடைசியாக வந்தவளுக்கு ஒரு நேர்முக வர்ணனை

எங்கள் பெரியப்பா தண்ணீர் கேட்டாலே, எங்கோ ஒரு பாலம் திறந்து வைக்கப்படுவதுபோல இருக்கும். இளமையில் கொழும்பில் வானொலிச் செய்தி வாசித்தவர். பிறகு படமாளிகைகளில் படம் தொடங்குமுன் காட்டும் செய்திப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர். வெள்ளம் வந்ததையும் அமைச்சர்கள் வந்ததையும் சனங்கள் அவர் குரலில்தான் அறிந்தார்களாம். சிட்னிக்கு வந்து, தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சமூக வானொலியில் சனிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் அவருக்குக் கிடைத்தது. முகம் மழித்து, டை கட்டிக்கொண்டுதான் மைக்கின் முன் உட்காருவார்.

எனக்கு ஒன்பது வயதில், ஒரு சனிக்கிழமை, மெரிலேண்ட்ஸ் பூங்காவில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி நடந்தது. ஒரு கையில் ஒலிபெருக்கியின் மைக், மறு கையில் வானொலிக்குப் போகும் தொலைபேசியுமாகப் பெரியப்பா வர்ணித்தார். முதியோர் இல்லத்தில் வேலையிலிருந்த அம்மா கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நூறு மீற்றர் ஓட்டத்தில் பாதித் தூரத்தில் சப்பாத்து நாடா தடுக்கி விழுந்தேன். மற்றவர்கள் ஓடி முடித்துவிட்டார்கள். புல்லிலேயே கிடந்துவிடலாம் என்று நினைத்தபோது பெரியப்பாவின் குரல் முழங்கியது.

“இதோ எழுகிறாள்! முழங்காலில் குருதி, முகத்தில் உறுதி!”

நான் இன்னும் எழவே இல்லை. இனி வேறு வழியில்லை என்று எழுந்து, அழுதபடி ஓடினேன். முடிவுக் கோட்டைத் தாண்டும்வரை அவர் விடவில்லை. அந்த உற்சாகத்தில் முதலாவதாக வந்தவளின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். அவளுடைய தாய் வந்து சண்டை பிடித்தார்.

மாலையில் பெரியப்பா எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து அம்மா கேக்கோடு வந்தார். அம்மாவைக் குசினிக்குள் அடுப்பருகே இழுத்துப் போனேன்.

“ஐ கேம் லாஸ்ட், அம்மா. பெரியப்பா பொய் சொன்னவர்.”

“தெரியும் பிள்ளை. நீ வெண்டதெண்டு அவர் எங்க சொன்னவர்? எழும்பி ஓடினதைத்தானே சொன்னவர்.”

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெரியப்பாவுக்கும் கேட்கும்படி சொன்னார்: “அங்க இல்லத்தில சாப்பாட்டு மேசையில இருந்த வெள்ளைக்காரக் கிழவியள் ஒரு சொல்லும் விளங்காமலே கை தட்டினவை. ஒரு மனிசி, ‘இது அந்தக் காலத்தில படமாளிகையில நியூஸ் சொன்ன ஆளெல்லோ’ எண்டு கேட்டா!”

பெரியப்பா கோப்பையை மெதுவாக வைத்தார். எழுந்து யன்னலருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேக்கும் வேண்டாம் என்றார்.

அந்தக் கிழவி தன்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டாளே என்று அவருக்குக் கோபம் என்றே அன்று நான் எண்ணினேன்.