வாயில் விசில்

அந்தக் கண்டக்டருக்கு ஊர் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். வேலை என்னவோ நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கும் டவுன் பஸ்ஸில்தான். எக்ஸ்பிரஸ் அவருடைய வாய். பயணி வாயைத் திறப்பதற்குள் இறங்குமிடத்தை அவரே சொல்லி டிக்கெட்டைக் கையில் திணித்துவிடுவார். பாதிப் பேர் அவர் சொன்ன இடத்திலேயே இறங்கிப் பழகிவிட்டார்கள்.

அவரையும் முந்தியவள் மகள். ஆறாம் மாதமே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அவள் பாதம் அவர் கிழிக்கும் டிக்கெட்டை விடச் சிறியது. அன்றைக்குத்தான் எக்ஸ்பிரஸ் பேச்சற்று நின்றார்.

அவளுடைய அவசரம் அதோடு தீர்ந்தது. இப்போது இரண்டாம் வகுப்பு. கேள்வி கேட்டால் கூரையைப் பார்ப்பாள். பார்த்து முடிப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிடுவார். மூன்று வேலை சேர்த்துச் சொன்னால் இரண்டு மறந்துபோகும். இதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரட்டும் என்றது பள்ளிக்கூடம். குழந்தை மனநல நிபுணர் சோதித்துச் சொல்லட்டும் என்று மல்லுக்கட்டினார் இவர்.

சோதனை அறைக்குள் பெற்றோரை விடுவதில்லை. அப்பா கையை அவள் விடாததால் அவரையும் விட்டார்கள். நிபுணர் அம்மாள் சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் பரப்பி ஒரு படத்தைக் காட்டினார்.

"இதே மாதிரி அடுக்கறியாம்மா?"

"நல்லா அடுக்குவா மேடம். அந்தச் சிவப்ப எடு கண்ணு..."

"சார், டெஸ்ட் உங்களுக்கில்ல."

"அவளுக்குக் கூச்சம் மேடம், அதான் நானே..."

நிபுணரின் பார்வை அவர் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த விசிலில் நின்றது. "அத எடுத்து வாயில வைங்க. சத்தம் வந்துச்சு, வெளியதான்."

விசிலைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டார். மகள் படத்தைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். இந்நேரம் ஒரு பஸ்ஸையே நிரப்பி அனுப்பியிருக்கலாம். ஒரு கட்டையை வைத்தாள்; தப்பு. அவருக்கு நாக்கு துடித்தது. அவளோ அந்தக் கட்டையை எடுத்து, இரண்டு விரலால் மெல்லத் திருப்பி, மறுபடி வைத்தாள். சாய்கோடு கச்சிதமாய்ச் சேர்ந்தது. அப்புறம் அடுத்தது. அதற்கு அடுத்தது. கண்ணாடிக்கு அப்பால் அன்று நூல்போல அசைந்த அதே விரல்கள். இவர் ஒருநாளும் நின்று பார்க்காத ஏதோ ஒன்று அவளுக்குள் இத்தனை காலமும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. விசில் தன்பாட்டில் கீச்சென்றது. நிபுணர் காதில் வாங்காதது போல இருந்துவிட்டார்.

"மூணாவதுக்கு அனுப்பலாம்னு எழுதறேன்," என்றார் கடைசியில். "நல்லா யோசிக்கிறா, நேரம்தான் வேணும். கணக்குல கொஞ்சம் திணறுவா. ஒரு தடவைக்கு ஒரு வேலை சொல்லுங்க. பதில அவளையே சொல்ல விடுங்க."

திரும்பும் வழியில் அவர் வேலை பார்க்கும் அதே பஸ்; இன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பயணியாக. "கண்ணு, எங்க இறங்கணும்?" என்று கேட்டுவிட்டு விசிலைக் கடித்துக்கொண்டார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நிறுத்தம் வந்தது.

"அண்ணே, உங்க ஸ்டாப்பு! தூங்கிட்டீங்களா?" என்று கத்தினார் டிரைவர்.

போ போ என்று கையாட்டினார் இவர். பஸ் நகர்ந்தது. வெகுதூரம் போனபின் அவள் திரும்பினாள்.

"தண்ணித்தொட்டி ஸ்டாப்புப்பா. அது போயிடுச்சு. நீதான் விசில் அடிக்கல."

அடித்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொள்ளும்படி அடித்தார்.