பதுளைப் படத்துக்குப் பேசிய ஜௌபர்

ஜௌபருக்குத் தொண்டைதான் சொத்து. பதுளைக் கடைத்தெருவில் பீங்கான் கோப்பைக் கடை வைத்திருந்த மனிதரை, ஜெர்மன் சண்டைக்கு முந்திய வருஷம் பயாஸ்கோப் கொட்டகை முதலாளி மாலை நேர வேலைக்குப் பிடித்தார். அந்தக் காலத்துப் படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் நின்று யாராவது விளக்கம் சொல்ல வேண்டும். அப்பப்பா, ஜௌபர் சொன்னால் கைக்குழந்தைகூட வாய் மூடிக் கேட்கும்!

வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் ஊரையே கால்மணி நேரப் படமாகப் பிடித்திருந்தார். பெரஹர ஊர்வலத்து யானை, துன்ஹிந்த அருவி, சந்தை எல்லாம் அதில் உண்டு. பேச்சைத் தயார் செய்ய, முதலாளி அதை முன்கூட்டியே ஜௌபருக்கு ஓட்டிக் காட்டினார். சந்தை வந்தது. திரை நிறைய ராசம்மாவின் முகம். ஜௌபர் துள்ளி எழுந்தார்.

ராசம்மா சந்தையில் கீரை விற்பவள். கடன் தீர்ந்ததென்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு இல்லாமல் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவள். பிடிபட்டால் மறியல்தான், கம்பி எண்ண வேண்டும். அவளைத் தேடும் தோட்டத்துக் கங்காணி ஊருக்குள் வந்தால், ஜௌபரின் கடைக்குள் ஒளிந்துகொள்வாள். அந்தக் கங்காணி மறுநாள் ஆட்டத்துக்கு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

“அந்தப் பொம்புள வார எடத்த மட்டும் வெட்டிருங்க மொதலாளி” என்று கெஞ்சினார் ஜௌபர்.

“படத்துலயே அதுதான்யா நல்லாருக்கு. ஒன் வேலயப் பாரு!”

அந்த முதலாளியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் மாலை கொட்டகை நிரம்பி வழிந்தது. யானைக்கும் அருவிக்கும் ஜௌபர் வெளுத்துக்கட்டினார். சந்தை வரப்போகும் நேரம், பேசிக்கொண்டே நடந்துபோய்ப் படம் காட்டும் யந்திரத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். திரை முழுக்க அவருடைய தொப்பியும் தோளும்தான்.

“மகா சனங்களே! இதுதான் நம்ம பதுளைச் சந்தை! எவ்வளவு சனம் பாருங்க!”

“எங்கய்யா சந்தை? வெலகுய்யா!”

தோடம்பழத் தோல் பறந்து வந்து கன்னத்தில் பட்டது. கங்காணியும் எழுந்து நின்று ஏசினார். படத்தில் ராசம்மாவின் முகம் போய், ரோட்டில் மாட்டு வண்டி வரும்வரை ஜௌபர் அசையவில்லை.

முதலாளி அங்கேயே அவரை வேலையை விட்டு விரட்டினார். விடிந்ததும் கொட்டகையைப் பிரித்து, படத்தையும் ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போய்விட்டார்.

ராசம்மா கடைக்கு வந்தாள். “என்னால ஒங்க வேல போச்சே, நானா.”

“அது கெடக்கட்டும் புள்ள. அந்த மொதலாளிட மொகத்த இனிப் பாக்கத் தேவல்லயே!”

போகாமல் தயங்கி நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள். “அந்தப் படத்துல நான் எப்பிடி இருந்தேன்?”

“சிரிச்சிக்கிட்டு இருந்த புள்ள. பல்லெல்லாம் தெரிய.”

“நானும் சிரிச்சிருக்கேனா?” என்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.