விடுபட்ட கழனி

பிரெஞ்சுக்காரன் காலத்தில், பாகூர் ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்கு முறைப்படி திருப்பிவிட்டவர் என் அப்பா. கால் விழுந்த பிறகு, புத்தியாவது மழுங்கக்கூடாதென்று தினமும் காலையில் தலைமடையிலிருந்து கடைமடை வரை கழனிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். ஒன்று விட்டாலும் கஞ்சியைத் தொடமாட்டார். மறுபடி மதகிலிருந்து தொடங்குவார். சரிபார்ப்பது அம்மா.

ஒருநாள் எங்கள் கழனியையே விட்டுவிட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“நம்ம கழனிய வுட்டுட்டியேப்பா!”

“நமக்கு ஏதுடா கழனி?” என்று சீறினார்.

மறுபடி சொன்னார். மறுபடியும் விட்டார். உச்சிப்பொழுதாகியும் கஞ்சி அப்படியே இருந்தது.

மறுநாளும் அந்தப் பாழாய்ப்போன கழனிதான் விடுபட்டது. நான் வாயெடுப்பதற்குள் அம்மா கஞ்சியை அவர் கையில் கொடுத்தாள்.

“ஒண்ணுகூட வுடல. குடிங்க” என்றாள்.