சந்தனம் வைத்த தண்டவாளம்

கள்ளக்குறிச்சியில் ரயில் ஏற வேண்டுமென்றால் முதலில் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், என் வீட்டு மாடி அறையில், நீராவி இன்ஜினுக்கு ஒரு லோகோ ஷெட், அதாவது இன்ஜின் கொட்டகை, கட்டினேன். மேசை மேல்தான். இன்ஜின் உள்ளங்கை நீளம்; ஓடுவதோ மின்சாரத்தில். ஆனாலும் வண்டி வந்ததும் முதலில் குழியில் சாம்பல் தட்ட வேண்டும், அடுத்து நிலக்கரி, பிறகு தண்ணீர், கடைசியில் கொட்டகை. வருவாய்த் துறையில் தலை நரைத்தவன் நான். இல்லாத சாம்பலைக்கூட முறைப்படிதான் கொட்டுவேன்.

அந்த அறை மேல் என் மனைவிக்கும் ஒரு கண். கீழே வெளிச்சம் போதவில்லை, தையல் மெஷினை மேலே ஏற்ற வேண்டும் என்றாள். பேசி முடிவானது: ஆயுதபூஜையன்று இன்ஜின் குழியில் தொடங்கிக் கொட்டகை வரை தானாகப் போனால் அறை எனக்கு; போகாவிட்டால் அவளுக்கு. யார் கையும் படக்கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தது நான். அவள் அதைக் கேட்கவேயில்லை.

பூஜையன்று அவள் மெஷினுக்கு ஒரே பொட்டு வைத்து முடித்துக்கொண்டாள். நான் தண்டவாளம் நெடுகச் சந்தனம் வைத்தேன், குங்குமத்தோடு. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் இன்ஜினைவிட உயரம்.

"இன்னா மாமா, இது பழத்து மேல ஏறுமா, பழம் இது மேல ஏறுமா?" என்றான் மைத்துனன்.

பழத்தை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். இன்ஜின் குழியைத் தாண்டியது, நிலக்கரி மேடையைத் தாண்டியது, தண்ணீர்க் குழாயருகே நின்றுவிட்டது.

"தண்ணி புடிக்குது," என்றேன்.

"எம்மாம் நேரமா?"

தண்டவாளத்திலிருந்துதான் சக்கரத்துக்கு மின்சாரம் ஏற வேண்டும். வழியெல்லாம் சேர்ந்த சந்தனம் சக்கரத்தில் அப்பிக் காய்ந்திருந்தது. மைத்துனன் பொறுக்க முடியாமல் விரலால் ஒரு தள்ளு தள்ளினான். அதற்கு உயிர் வந்து, நேரே கொட்டகைக்குள் போய் நின்றது.

"போயி சேந்துடுச்சில்ல, வுடுங்க," என்றாள் மனைவி. "ரூமு ஒங்களுக்கே. மிஷினு கீழவே கெடக்கட்டும்."

வேறு யாராவதாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பாயசம் குடித்திருப்பான். நான் தொண்டையைச் செருமினேன். "இல்ல, கை பட்டுடுச்சி. நிபந்தனைப்படி செல்லாது."

"மாமா, ஒங்களக் கவுக்க வேற ஆளே வாணாம்," என்றான் மைத்துனன்.

மனைவி இன்னொரு தடவை வற்புறுத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். இருவரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். பூஜைக்கு வைத்த பொருளை மறுநாள் வரை அசைக்கக்கூடாது என்பது முறை. இன்ஜினை ஓட்டியதை மறந்து, அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஏங்க," என்றாள் மூச்சு வாங்க, "ஒங்க ஷெட்ட கொஞ்சம் ஓரமா நவுத்துங்க."

நகர்த்தினேன்.