டெய்லாவின் கழுத்தில் பவுடர்

பிரிஸ்பேனில் பார்க்க வேண்டியவை என்று எவை எவை உண்டோ, அத்தனையையும் தோரேகா பார்த்து முடித்துவிட்டாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். கூட ஒரு ஆள் இருந்தால் பாதி நேரம் பேச்சில் போகும், பசிக்கிறது என்பதில் போகும், கால் வலிக்கிறது கொஞ்சம் உட்காரலாம் என்பதில் போகும். தனியாகச் சுற்றுகிறவளுக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. சனிக்கிழமை காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் இரண்டு இடம் முடிந்துவிடும். மிச்ச நாளை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அதனால் ஆற்றுப் படகில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஒரு கரையிலிருந்து கடைசித் துறை வரை போய், இறங்காமல் அதே படகில் திரும்புவாள். கயிறு கட்டுகிற ஆள் அவளை அடையாளம் தெரிந்துகொண்டுவிட்டான்.

"இன்னிக்கும் இறங்கலையா?"

"அடுத்த துறையில."

"போன வாரமும் அதான் சொன்ன. சரி சரி, காத்து வாங்கு."

அவள் வந்தது அபேமாமாவிலிருந்து. பசிபிக் கடலில் இருக்கிற எங்கள் கிரிபாஸ் தீவுகளில் அதுவும் ஒன்று. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் பெருங்கடல், நடுவில் ஒரு வீதி அகலத்துக்கு மணல். அங்கே உயரம் என்றால் தென்னைமரம்தான். அப்படிப்பட்டவள் பஸ் பிடித்து மவுண்ட் கூத்தா மலையின் உச்சிக்குப் போய் நின்றபோது அவளுக்குத் தலை சுற்றியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நிலம், நிலம், நிலம். இத்தனை நிலத்தையும் வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரிடமாவது கேட்கவேண்டும் போல இருந்தது. திரும்பினாள். பின்னால் நின்ற கொரியத் தம்பதி, அவள் கேட்பதற்கு முன்னால் தங்கள் போனை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் நன்றாகத்தான் படம் எடுத்துக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற இன்னொரு குடும்பமும் அதைப் பார்த்துவிட்டு வரிசையில் வந்தது.

அவள் ஊருக்கு அனுப்பிய படங்களில் பாலம் இருக்கும், கிளி இருக்கும், ஆறு இருக்கும். அவள் இருக்கமாட்டாள். "நீ நிசமாவே அங்கதான் இருக்கியா, இல்ல ஏதாச்சும் காலண்டர்லேர்ந்து எடுத்து அனுப்புறியா?" என்று அவள் அண்ணன் கேலி பண்ணினான்.

அவளுக்குத் தனிமை. வேறு பெயர் வைத்து மழுப்புவானேன். வீட்டில் சுவரே இல்லாத கூரையின் கீழ் பாயோடு பாய் ஒட்டிப் படுத்து, யாருடைய குறட்டை யாருடையது என்று இருட்டிலேயே சொல்லத் தெரிந்தவள். இங்கே மாணவர் விடுதியில் அவளுக்கென்று ஒரு அறை, அதற்கு ஒரு கதவு. முதல் மாதம் அந்தக் கதவைத் திறந்தே வைத்துத்தான் படுத்தாள், தாழ்வாரத்தில் யாராவது நடக்கிற சத்தமாவது கேட்கட்டும் என்று. எதிர் அறைப் பெண் நல்லவள். பாவம், சாத்த மறந்துவிட்டாள் போல என்று ஒவ்வொரு ராத்திரியும் அதை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

நகரத்துக்குத் தெற்கே லோகன் பக்கம் எங்கள் ஆட்கள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனால் சர்ச், சாப்பாடு, குழந்தைகள், கூச்சல், எல்லாம் உண்டு. படிப்பு எப்போது முடிகிறது, கல்யாணம் எப்போது என்ற கேள்விகளும் தட்டோடு வரும். போய்விட்டு வந்தால் மறுபடி ஆறு நாள் அதே கதவு. அவளுக்கு வேண்டியிருந்தது தன் வயதில், தான் இருக்கும் இடத்தில், 'இவள் எங்களோடு' என்று சொல்கிற ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் டெய்லாவாக இருக்கும் என்று அவள் நம்பினாள். நர்சிங் வகுப்பில் இரண்டு பேரும் ஒரு ஜோடி. ஒருத்தி கையில் ஒருத்தி பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்துப் பழகுவார்கள். டெய்லா சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், பேனா மறந்துவிட்டால் தன் பேனாவைக் கொடுப்பாள். கெட்டவள் இல்லை, அதுதான் சங்கடமே. வெள்ளிக்கிழமை பையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்வாள்.

"இந்த வாரம் எங்கயாச்சும் போவோம் தோரி, என்ன?"

தோரேகா விடுதிக்கு ஓடிப்போய்க் குளித்து, உடுத்தி, முடியில் எண்ணெய் வைத்து, கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போன் வராது. அடுத்த வெள்ளியும் அப்படியே. எங்கள் ஊரில் வா என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அங்கே பாய் விரித்தாயிற்று என்று பொருள். இங்கே அது விடைபெறும் வார்த்தை. 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவனை வாசலில் நின்று எதிர்பார்ப்பார்களா? இவள் எதிர்பார்த்தாள்.

கடைசியில் அவளே கேட்டாள். இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் ஆட்களிடம் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதனாலேயே லேசில் யாரும் யாரிடமும் கேட்பதும் இல்லை. கேட்பது என்பது மற்றவரின் கையைப் பிடித்து முறுக்குவது மாதிரி. தோரேகா கேட்டேவிட்டாள்.

"இன்னிக்கு நீங்க வெளிய போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ டெய்லா."

"வாயேன். இதுக்கு எதுக்கு இப்படி முகத்தை வச்சுக்கிற? ஏழு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நில்லு. என் ஃப்ரெண்ட் இமோஜனும் வர்றா."

அன்று அவள் பூப்போட்ட ரவிக்கையும் கறுப்புப் பாவாடையும் போட்டுக்கொண்டாள். கைப்பையில் சாவி, போன், பவுடர் டப்பா. எங்கள் பெண் ஒருத்தி ஆட்டம் பார்க்கப் போகும்போது பவுடர் எடுத்துப் போகாமல் இருந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள்.

பிரன்ஸ்விக் தெருவில் அந்த ஆட்டக் கூடத்தின் வாசலில் நீண்ட வரிசை. ஃபெலெதி என்ற தொங்காத் தீவுக்காரன் காவலுக்கு நின்றான், கதவுக்கே கதவு போட்டது போல. உள்ளே போனதும் சத்தம் நெஞ்செலும்பில் வந்து அடித்தது. டெய்லாவும் இமோஜனும் அவளை இரண்டு பக்கமும் கைகோத்து இழுத்துப் போனார்கள். அந்தக் கொஞ்ச தூரம் நடந்தபோது தோரேகா உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு எல்லோரும் ஆட ஆரம்பித்தார்கள். அங்கே ஒருவர் ஆடுவதை ஒருவர் பார்ப்பதில்லை. இது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். யாரும் பார்க்காத ஆட்டத்தை எதற்குக் காசு கொடுத்துப் போய் ஆடுவது? தோரேகா சுவரோரம் நின்று பார்த்தாள். பார்க்கத்தான் அவளுக்குத் தெரியும். நூறு பேரில் தொண்ணூறு பேர் சும்மா குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் டெய்லா ஆடினாள். கண்ணை மூடிக்கொண்டு, சிரிப்பை விட்டுவிட்டு, தோளிலிருந்து விரல் நுனி வரை பாட்டைக் கடத்திக்கொண்டு போனாள். எங்கள் ஆட்டத்திலும் சிரிப்பு கிடையாது. உள்ளே ஏதோ வந்து ஏறிக்கொள்ளும், ஆடுகிறவளே சில சமயம் அழுதுவிடுவாள். தோரேகாவுக்கு மயிர் கூச்செறிந்தது. ஊரை விட்டு வந்ததிலிருந்து அப்படி ஒன்றை அவள் பார்க்கவே இல்லை.

ஊரில் ஒருத்தி அப்படி ஆடினால் பார்க்கிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். எழுந்து போய் அவள் கழுத்திலும் முதுகிலும் பவுடர் போடுவார்கள், வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். நீ என்னை அசைத்துவிட்டாய் என்று சொல்ல எங்களிடம் வேறு வழி இல்லை. போடாமல் உட்கார்ந்திருந்தால்தான் அவமானம், ஆடுகிறவளுக்கு.

தோரேகா யோசிக்கவில்லை. டப்பாவைத் திறந்து, கூட்டத்துக்குள் புகுந்து, டெய்லாவின் கழுத்தில் கை நிறையப் போட்டு முதுகு வரை தடவிவிட்டாள்.

டெய்லா அலறினாள். அவளுடைய கறுப்புச் சட்டை வெள்ளையாகிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் பவுடர் புகையாக எழும்பியது. பக்கத்தில் ஆடியவர்கள் இருமிக்கொண்டு விலகினார்கள், ஒரு பையன் வாயை மூடிக்கொண்டு ஏதோ கத்தினான். வெள்ளைப் பொடி, அதுவும் அந்த மாதிரி இடத்தில். அவர்களுக்கு வேறு எது ஞாபகம் வரும்? அடுத்த நிமிஷம் தோரேகாவின் முழங்கையை ஒரு பெரிய கை பிடித்தது.

வாசலுக்கு வெளியே ஃபெலெதி டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டான்.

"என்னம்மா இது?"

"பவுடர்."

"அது தெரியுது. என்ன பவுடர்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"இங்க பாரு, கூட வந்தவங்க யாராச்சும் வந்து, இது எங்க ஆளுன்னு சொன்னா பேசி முடிச்சிரலாம். தனியா வந்திருந்தா நான் போலீஸுக்குத்தான் சொல்லணும். யாரு கூட வந்த?"

"டெய்லா கூட." அந்தப் பெயரைச் சொன்னதும் அவளுக்கு மூச்சு வந்தது.

டெய்லா வந்தாள். பின்னாலேயே இமோஜன். கழுத்தில் இன்னும் பவுடர்.

"இந்தப் பொண்ணு உங்களோட வந்ததா?"

டெய்லா ஃபெலெதியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். தோரேகாவை மட்டும் பார்க்கவில்லை.

"எங்க கிளாஸ்ல படிக்குது. அவ்வளவுதான்."

"கூட வரலையா?"

"இல்ல. வழியில பார்த்தோம்."

டெய்லாவிடம் காரணம் இருந்தது. நர்சிங் படிக்கிறவள் போதைமருந்து விவகாரத்தில் மாட்டினால் படிப்பே போய்விடும். சின்ன வயசு, பயம் வந்தால் நாக்கு எப்படியும் புரளும். இதெல்லாம் இப்போது ஆற அமர உட்கார்ந்து நான் சொல்கிற நியாயம். அன்று அந்த வாசலில் நான் நின்றிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். தோரேகா எதுவும் கேட்கவில்லை. வழியில் பார்த்தோம் என்றால் எந்த வழியில், என்று மட்டும் ஒரு முட்டாள்தனமான கேள்வி அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபெலெதி டப்பாவை உள்ளங்கையில் தட்டினான். முகர்ந்தான். பிறகு அந்த மலை போன்ற மனிதன் அதை எடுத்துத் தன் கழுத்தில் பூசிக்கொண்டான்.

"எந்தத் தீவு தங்கச்சி நீ?"

"கிரிபாஸ்."

"அட, முதல்லயே சொல்றதுக்கென்ன? எங்க ஊர்ல ஆடுற பொண்ணுக்கு எண்ணெய் தடவி பண நோட்டை ஒட்டுவோம். நீங்க பவுடர் கூட்டம்." டெய்லாவின் பக்கம் திரும்பினான். "உனக்கு மரியாதை பண்ணியிருக்கா தாயே. நீ அவ்வளவு நல்லா ஆடியிருக்க. இதுக்குப் போய் இந்தக் கத்தலா?"

டெய்லாவின் முகம் சிவந்தது. பிறகு பெரிதாகச் சிரித்தாள், பயம் விலகினால் வருமே அந்தச் சிரிப்பு.

"அய்யோ தோரி, சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னென்னவோ நினைச்சுட்டேன். வா வா, உள்ள போவோம்."

தோளில் கை போட்டு இழுத்தாள். தோரேகா போனாள். கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. போகாவிட்டால் அந்தக் கதவு உள்ள அறைக்குத்தான் போகவேண்டும்.

உள்ளே பவுடர் பெரிய விளையாட்டாகிவிட்டது. எனக்கும் போடு, எனக்கும் போடு என்று இமோஜன் கழுத்தை நீட்டினாள். முன்பின் தெரியாதவர்கள் டப்பாவை வாங்கி ஒருவர் மேல் ஒருவர் கொட்டிக்கொண்டார்கள். தோரேகாவின் தலையிலும் யாரோ கொட்டினார்கள். அவள் ஆடுவதைப் பார்த்துப் போட்டது இல்லை அது. அவள் அப்போது ஆடவே இல்லை. டப்பா காலியானதும் இமோஜன் போனை நீட்டி மூன்று பேரையும் சேர்த்துப் படம் எடுத்தாள். நடுவில் தோரேகா. இரண்டு பக்கமும் வெள்ளைக் கழுத்துகள், அவள் தோள் மேல் இரண்டு கைகள். எல்லோரும் சிரித்தபடி இருக்கிறார்கள். அன்று அந்தக் கூடத்தில் அவளுக்கு இருந்த தனிமை, மலை உச்சியில்கூட இருந்ததில்லை. அங்கேயாவது கூட ஆள் இல்லை என்றால் இல்லை என்று சொல்லலாம்.

அந்தப் படத்தை அவள் ஊருக்கு அனுப்பினாள். அவள் இருக்கிற முதல் படம், அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

அம்மா ஒரு ராத்திரிகூடத் தவறாமல் அவளைப் போனில் கூப்பிடுகிறவள். மறுநாள் ராத்திரி கூப்பிட்டதும் போனை முகத்துக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டாள். நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன.

"யாருடி அது, உன் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறவ?"

"டெய்லாம்மா."

"கழுத்தெல்லாம் பவுடர். நீயா போட்ட?"

"நான்தான் போட்டேன்."

"நல்லா ஆடுவாளோ?"

"ஆடுவாம்மா. ரொம்ப நல்லா ஆடுவா."

அம்மா போனை விட்டுத் திரும்பி, அண்ணனுக்கும் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"கேட்டீங்களா? அவளுக்கு அங்க ஆளு இருக்கு. நான்தான் இத்தனை நாளா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுக் கிடந்தேன்."

பிறகு மறுபடி நெற்றியும் கண்ணும் வந்தன. கண் ஈரமாக இருந்தது.

"இனிமே தினம் ராத்திரி கூப்பிட்டு உன் நேரத்தைக் கெடுக்கமாட்டேண்டி. அந்தப் பிள்ளைங்களோட சேர்ந்து சந்தோஷமா இரு. ஞாயித்துக்கிழமை பேசினா போதும், என்ன?"

"சரிம்மா," என்றாள் தோரேகா.