நூத்திப்பத்துல வெச்ச திருகு

எழுபதுகள்ல மாரண்டஹள்ளியில தக்காளி மண்டி வெச்சிருந்த என் மாமனாரை நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது. பெங்களூர்ல பழசா வாங்கின ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், ரெண்டு ஸ்பீக்கர். வூட்டுல அதுங்களுக்கு நடுவுல ராஜா மாதிரி உக்காந்துக்குவாரு மனுஷன்.

எனக்கு தருமபுரியில ரேடியோ ரிப்பேர் கடை. எனக்கும் என் பொண்டாட்டிக்கும் ஒரு நாள் சண்டை. கோவத்துல கையில இருந்த சால்டரிங் ராடை, சூட்டோட, வீசிட்டேன். அது செவுத்துலதான் பட்டுச்சு. அதுக்கே அவ துணிமணியைக் கட்டிக்கிட்டு அப்பன் வூட்டுக்குப் போயிட்டா. நாலு மாசம் கழிச்சு கூப்பிடப் போனா மாமனாரு சொல்றாரு: "ஆம்ப்ளிஃபயர் ஊமையாயிடுச்சு மாப்ள. அதைப் பாட வைங்க, உங்க பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போங்க."

பெத்த பொண்ணை ரிப்பேர் கூலியாப் பேசறான் அந்தாளு! ஆனா எனக்கும் அன்னைக்கு அது தப்பாத் தெரியலை. என் வேலை மேல எனக்கு அவ்ளோ திமிரு.

அந்தப் பக்கத்துக் கரண்டு லட்சணம் அப்படி. கெணத்து மோட்டாரெல்லாம் ஓடுச்சுன்னா பல்பு அழுது வடியும். மோட்டாரு நின்னா வோல்டேஜ் எகிறும். அதுல ஆம்ப்ளிஃபயர் உள்ள இருந்த கண்டன்சர் வீங்கிப் போயிருந்துச்சு. மாத்தினேன், பாடுச்சு. "ஒரு வாரம் நிக்கட்டும். ஞாயித்துக்கெழமை கூட்டிட்டுப் போங்க"ன்னாரு.

ஞாயித்துக்கெழமை போனா செத்துக் கெடக்கு. ஃபியூஸ் கருகியிருந்துச்சு. வேற போட்டேன், பாடுச்சு. அடுத்த ஞாயிறும் அதே கதை. வூட்டுக்கு வந்திருந்த மூட்டை தூக்கறவங்க முன்னாடியே, "மாப்ள, உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"ன்னு கேட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு.

மூணாவது ஞாயிறு மொத பஸ்ஸுக்கே போயிட்டேன். ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பாத்தா, பின்னாடி வோல்டேஜ் மாத்தற திருகு நூத்திப்பத்துல நிக்குது! எரநூத்தி முப்பதுல நிக்க வேண்டியது. நூத்திப்பத்துல வெச்சு நம்மூரு கரண்டைக் குடுத்தா ஃபியூஸ் போகாம என்ன செய்யும்?

"வேணும்னே திருப்பியிருக்கீங்க! பொண்ணை அனுப்ப மனசில்லைன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"ன்னு கத்தினேன்.

"எந்தத் திருகுய்யா? அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. மண்டிக்குப் போயிட்டு வரேன். வர்றதுக்குள்ள பாடணும். பாடுச்சுன்னா அவளை இன்னைக்கே பஸ் ஏத்திவிடறேன்"னு துண்டை உதறிட்டுப் போயிட்டாரு.

அந்தாளு மொகத்தைப் பாத்தா பொய் மாதிரி தெரியலை. அப்பதான் உறைச்சுது. கல்யாணமான புதுசுல, 'இதைத் தப்பாத் திருப்புனா அவ்ளோதான், பொகைஞ்சிடும்'னு பெரிய மேதாவியாட்டம் ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக் குடுத்திருந்தேன். அவ தண்ணிச் சொம்போட பக்கத்துல வந்து நின்னா.

"நான்தாங்க. போன ரெண்டு தடவையும் ஃபியூஸ் போனதும் பழையபடி திருப்பி வெச்சுட்டேன். இன்னைக்குத் திருப்பறதுக்குள்ள நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க."

"ஏன்டி?"

"அது பாடுச்சுன்னா நான் கெளம்பணுமே. என்னை யாராச்சும் கேட்டீங்களா?"

"ஒரே ஒரு ராடு. அதுவும் செவுத்துல பட்டதுக்கா?"

"செவுத்துல பட்டுச்சுன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. அந்தச் செவுத்துல யாரு சாஞ்சிட்டிருந்தான்னு சொன்னீங்களா?" காது மேல இருந்த முடியை ஒதுக்கிக் காட்டினா. வெரக்கடை அளவுக்கு முடி பொசுங்கி, இன்னும் கட்டை முடியாத்தான் மொளைச்சிருந்துச்சு. சொம்பை வெச்சிட்டு உள்ள போயிட்டா.

திருகை எரநூத்தி முப்பதுக்குத் திருப்பி, புது ஃபியூஸ் போட்டேன். நல்லாவே பாடுச்சு. கொஞ்ச நேரம் கேட்டுட்டு நிறுத்திட்டேன்.

வாசல்ல மாமனாரோட செருப்புச் சத்தம் கேட்டுச்சு. திருகை மறுபடி நூத்திப்பத்துக்குத் தள்ளினேன். அவரு உள்ள காலெடுத்து வைக்கவும் சுவிட்சைப் போட்டேன். பட்டுன்னு போயிடுச்சு.

"என்னய்யா இது?"

"எனக்கு வேலை தெரியலை மாமா. என்னால இதைப் பாட வைக்க முடியாது."

அவ உள்ளிருந்து பாத்துட்டுதான் இருந்தா. நான் தனியாத்தான் தருமபுரி பஸ் ஏறினேன். என் மாப்பிள்ளைக்கு ஒரு ஃபியூஸ் போடத் துப்பில்லைன்னு அந்தாளு சாகற வரைக்கும் மண்டியில சொல்லிட்டுத் திரிஞ்சான். திரியட்டும்.