இறுக்குது என்று சொன்ன பொய்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கி ஒழுகியது. நானே ஏணியில் ஏறினேன். "பைப் வேலைக்காரனைக் கூப்பிடுங்கோவன்" என்று மனைவி கீழே நின்று மன்றாடினாள். சொல்வழி கேட்கிற ஆள் நானில்லை. விழுந்ததில் முள்ளந்தண்டு முறிந்தது. தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரியாமல் போனது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் இரண்டு கெண்டைக்கால்களிலும் காற்றுப் பட்டைகளைச் சுற்றிவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு மெசின். அது ஒரு பட்டைக்குள் காற்றை ஏற்றிக் காலைப் பிழியும். பிறகு 'உஸ்' என்று விட்டுவிட்டு மற்றக் காலுக்குப் போகும். அசையாத காலில் இரத்தம் கட்டும், கட்டியது கழன்று நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொன்னார். எனக்குப் பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது. ஒரு தடவையாவது அந்தப் பிழிதல் எனக்குத் தெரியவேண்டும். ஒரு நாள் நுளம்பு ஒன்று என் பெருவிரலில் குந்தி வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போனது. அந்த இடம் அரிக்காதா என்று அரை நாள் காத்துக் கிடந்தேன்.

மனைவி தினமும் மத்தியானம் பஸ்ஸில் சோறு கொண்டு வருவாள். வந்தவுடன் பட்டை ஊதுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பாள்.

"தெரியுதோப்பா?"

"இல்லை."

பிறகு சோற்றுப் பெட்டியைத் திறப்பாள். இது நாள் தவறாமல் நடந்தது. ஒரு நாள் நல்ல மழை. சேலைக் கரையெல்லாம் சேறு, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அதே கேள்வியைக் கேட்டாள். எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை.

"ஓம், கொஞ்சம் இறுக்குது" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் தன் தங்கைக்கு அவள் போன் எடுத்துக் கதைப்பது உள்ளே வரைக்கும் கேட்டது. தங்கைக்காரி அன்று பின்னேரமே கோயிலுக்கு ஓடிப்போய் அர்ச்சனை செய்தாளாம். அடுத்த நாளிலிருந்து மனைவி பட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். நானும் மெசின் சத்தத்துக்குச் சரியாக முகத்தைச் சுளித்தேன். வெட்கக்கேடுதான். ஆனால் சுளிக்கச் சுளிக்க, உண்மையிலேயே ஏதோ தெரிவதுபோல எனக்கும் ஒரு நப்பாசை பிடித்துக்கொண்டது.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் நேர்ஸ் வழக்கம்போல நாடாவால் கெண்டைக்கால்களை அளந்தாள். இடது கால் வீங்கியிருந்தது. உடனே மெசினை நிறுத்தி, பட்டையைக் கழற்றி, ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் வந்த மனைவி முடிவு வரும்வரை என் கையை விடவேயில்லை. நல்லகாலம், இரத்தம் கட்டியிருக்கவில்லை.

மறுபடி பட்டையைச் சுற்ற வந்த நேர்ஸ் சிங்களப் பெண், தமிழ் நன்றாகக் கதைப்பாள். அவள் என் மனைவியைத்தான் பார்த்தாள்.

"இதை லூஸ் பண்ணினது யாரு? ரெண்டு விரல் போற அளவுதான் இருக்கணும். காலையில என் கையே உள்ளே போச்சு. இப்பிடி இருந்தா மெசின் வேலை செய்யாது."

"நான்தான் மிஸ்" என்றாள் மனைவி. "அவருக்கு இறுக்குதெண்டு சொன்னவர். முகத்தைப் பாக்க ஏலாமக் கிடந்தது. அதான் கொஞ்சம் இளக்கி விட்டனான்."

நேர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "உண்மையா? தெரியுதுன்னா டொக்டருக்கு உடனே சொல்லணும்."

"சொல்லுங்கோவனப்பா" என்று மனைவி என் தோளைத் தட்டினாள். முகம் மலர்ந்துபோய் நின்றாள். அந்த முகத்தை அப்படியே வைத்திருக்க வேண்டுமென்றால் நான் 'ஓம்' என்று சொன்னால் போதும். சொன்னால் நாளைக்கும் இரக்கப்பட்டு இளக்குவாள்.

"இல்லை மிஸ்" என்றேன். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினேன். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஒரு நாளும் தெரியேல்லை. அண்டைக்கு உம்மட முகத்தைப் பாத்திட்டுச் சும்மா சொன்னனான்."

நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நேர்ஸின் கையிலிருந்து பட்டையை வாங்கித் தானே சுற்றினாள். இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு நேர்ஸ் மெசினைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மனைவி அப்படியே குனிந்து என் முழங்காலில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள். முதுகு குலுங்குவதைப் பார்த்தேன். முழங்காலை மூடியிருந்த வெள்ளைத் துணி நனைந்து பரவுவதையும் பார்த்தேன். அந்தத் தலையின் பாரம் எனக்குத் துளிகூடத் தெரியவில்லை. நடக்கவேண்டும், கடற்கரைக்குப் போகவேண்டும் என்று அதுவரை பட்ட ஆசையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆனது. அந்தப் பாரம் ஒன்றுதான் வேண்டியிருந்தது. கையை நீட்டினேன். எழும்ப முடியாத எனக்கு அவள் தலை எட்டவில்லை.

"இஞ்சால வாரும்" என்றேன். "தொட்டாத் தெரியிற இடத்துக்கு வாரும்."